ஏழு தட்டில் திரும்பும் பேஸ்

பிற்பகல் வெயில் மேசைமேல் இருக்கும், பதிந்த தாளத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் சீக்வென்சர் கருவியின் பதினாறு பட்டன்களிலும் விழுந்து, அவற்றின் சிவப்பு விளக்குகளை வெளிறச் செய்கிறது. அக்கா உள்ளங்கையால் நிழல் பிடித்துக்கொண்டு அவற்றைப் பார்க்கிறாள். டிரம் பதினாறு தட்டு ஓடி மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. அடியில் கனமாக ஒலிக்கும் பேஸை அவள் ஏழு தட்டோடு வெட்டியிருக்கிறாள். அது முந்திக்கொண்டு திரும்பி, ஒவ்வொரு சுற்றிலும் டிரம்மின் வேறொரு இடத்தில் போய் இடிக்கிறது. அவளோடு கிதார் வாசிக்கும் தம்பியின் கால் தரையைத் தட்டுகிறது, தடுமாறுகிறது, நின்றுவிடுகிறது. "ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுக்குது. பேசாம பதினாறாவே வச்சிடுக்கா. சாயங்காலம் மேடையில மானம் போயிடும்." ஸ்டாப் பட்டனை நோக்கி நீளும் அவன் விரலை அவள் பார்க்காமலே தட்டிவிடுகிறாள். "நீ நடுவுல நடுவுல நிறுத்தினா அது எப்படிடா சேரும்? தானா வரும், பொறு." ஸ்பீக்கரின் கறுப்பு வட்டம் அதிர்கிறது. டீ கிளாஸுக்குள் கரண்டி நடுங்குகிறது. சுற்றுமேல் சுற்றாக விலகிப்போன இரண்டும் திடீரென்று ஒரே தட்டில் வந்து இறங்குகின்றன. கரண்டி கிண்ணென்று ஒலிக்கிறது, தம்பியின் கால் அவனைக் கேட்காமலே தரையில் ஓங்கி விழுகிறது. "அட! அக்கா, இப்படியே இருக்கட்டும், இனிமே கை வைக்காத!" அவள் விரல் அதற்குள் பேஸின் நீளத்தை ஐந்துக்குக் குறைத்துக்கொண்டிருக்கிறது.