ஒரே ஒரு இழுப்பு

"சும்மா ஒரே ஒரு இழுப்பு இழுடி. யாருக்குத் தெரியப்போகுது?" என்று அப்பா கண்ணைச் சிமிட்டினார்.

"வேணாம்" என்றாள் மகள். அது அவளுக்கே கேட்டிருக்காது.

பள்ளியில் கொடுத்த வீட்டுப்பாடம் இது. வேப் என்கிற மின்சிகரெட் பிடிப்பதன் கெடுதலை வகுப்பில் விளக்கிய டீச்சர், வீட்டில் யாராவது தோழியாக நடித்துக் கூப்பிட வேண்டும், நீங்கள் மறுத்துப் பழக வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். மகளுக்கோ இது வெறும் பாடம் இல்லை. அவளுடைய உயிர்த்தோழியே இடைவேளைதோறும் அவளைக் கழிவறைப் பக்கம் கூப்பிடுகிறாள். நாளைக்கும் கூப்பிடுவாள். மாட்டேன் என்றால் நட்பு முறிந்துவிடுமோ என்று இவளுக்குப் பயம்.

"உங்கப்பாகிட்ட வேணாம்னு சொல்றது லேசுப்பட்ட காரியமா? எனக்கு அது வராமத்தான் கல்யாணமே ஆச்சு" என்றாள், துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா.

அப்பா விடுவதாக இல்லை. "இது என்ன சிகரெட்டா? வெறும் மாம்பழ வாசனைடி."

"வாசனைக்கு மாம்பழமே போதும்."

"டென்ஷன் எல்லாம் பறந்துடும்."

"அப்புறம் அது கையில இல்லாட்டித்தான் டென்ஷனே வருமாம். டீச்சர் சொன்னாங்க."

"பயந்தாங்கொள்ளிங்களுக்கு இது சரிப்படாது. உன்னை மாதிரி தில்லு உள்ளவங்களுக்குத்தான்."

மகள் தலையைக் குனிந்து நகத்தைக் கடித்தாள். போயும் போயும் இந்த வரியிலா விழப்போகிறாள்? அப்பா நடிப்பை மறந்து, ஏதாவது சொல்லு கண்ணு என்று மனசுக்குள் கெஞ்சினார்.

"தில்லு இருக்கிறவ ஏன் டாய்லெட்ல ஒளிஞ்சு இழுக்கணும்?" என்றாள் அவள் நிதானமாக. "நீ அதைத் தூக்கிப் போட்டுட்டு வா. நான் உன்கூடத்தான் இருப்பேன்."

அப்பா மகளை வாரி அணைத்துக்கொண்டார்.

"எங்கேருந்துப்பா இப்படி அள்ளி விடுற? என் ஃப்ரெண்டே இவ்வளவு பேச மாட்டா" என்றாள் மகள். அவர் சிரித்து மழுப்பினார்.

மறுநாள் காலை, அப்பா வேலை பார்க்கும் விளம்பரக் கம்பெனியில் மேனேஜர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"அந்த வேப் விளம்பரம் என்னய்யா ஆச்சு? நீ எழுதின வரியெல்லாம் பள்ளிக்கூடத்துப் பசங்களைச் சுண்டி இழுக்குமா?"

"ஒண்ணு விடாம என் பொண்ணுகிட்டச் சொல்லிப் பார்த்துட்டேன் சார். எதுவும் எடுபடலை. எல்லாத்தையும் அழிச்சுட்டேன், இனிமே எழுதவும் மாட்டேன்" என்றார் அப்பா.