தொட்டில் மோட்டார்

ஒரு வீட்டில் தொட்டிலை ஆட்டும் வேலை ஒரு சின்ன மோட்டாருக்குக் கிடைத்தது. ஸ்விட்சைப் போட்டதும் அது தன் பலம் முழுவதையும் காட்டிச் சுற்றியது. தொட்டில் தூக்கித் தூக்கிப் போட்டது. குழந்தை மிரண்டு வீறிட, தாய் பரிமளம் ஓடிவந்து அள்ளிக்கொண்டாள்.

"இதைக் கழற்றித் தூரப் போடுங்க!"

"ஒரு நாள் பொறு" என்றான் கணவன் எழிலன்.

மோட்டார் ஒடுங்கிப்போனது. மெதுவாகச் சுற்ற அதற்கும் ஆசைதான். ஆனால் பாய்ந்து வரும் மின்சாரத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை.

மறுநாள் எழிலன் வேகத்தைக் குறைக்கும் ஒரு சின்ன சர்க்யூட்டை வாங்கிவந்து மோட்டாரோடு இணைத்தான். அதன் குமிழைக் குறைவாக வைத்து ஸ்விட்சைப் போட்டான்.

"ஏன் மின்சாரத்தை நிறுத்தி நிறுத்தித் தர்றே? நான் நின்னுபோனா தூக்கி எறிஞ்சிடுவாங்க!" என்று பதறியது மோட்டார்.

"நீ நிக்கிறதுக்குள்ளே அடுத்த வாய் வந்துடும்" என்றது சர்க்யூட். "உனக்குக் கொஞ்சம் கொஞ்சமா ஊட்டுறேன், அவ்வளவுதான். பயப்படாம சுத்து."

மோட்டார் அதை நம்பிச் சுற்றியது. தொட்டில் மெல்ல அசைந்தது. குழந்தை கொட்டாவி விட்டு, விரல் சூப்பியபடியே கண்ணயர்ந்தது. பரிமளம் பக்கத்தில் உட்கார்ந்து, வெகுநாளைக்குப் பிறகு காபியைச் சூடாகக் குடித்தாள்.

"நானா தூங்க வெச்சேன்?" என்று கூவியது மோட்டார். "நீ வரலேன்னா இந்நேரம் குப்பையில கிடப்பேன். உனக்கு நான் என்ன செய்யப் போறேன்!"

"மெதுவாப் பேசு" என்றது சர்க்யூட். "குழந்தை எழுந்துடும்."