ரெண்டு தட்டு

"செத்தவரைக் கூட்டிட்டு வந்து வேலை வாங்குறீங்களாமே, நிஜமா?"

வந்ததும் வராததுமாக, வண்டி விபத்தில் செத்துப்போன டெஸ்ட் டிரைவரின் மனைவி போட்ட சத்தத்தில் சோதனைக்கூட மெக்கானிக் முழித்தார். கையிலிருந்த எண்ணெய்த் துணியை எங்கே வைப்பதென்று தெரியாமல் தோளில் போட்டுக்கொண்டார்.

"யாருக்கா சொன்னது?"

"தெருவே சொல்லுது. கண்ணாடி ரூமுக்குள்ள ஆளே இல்லாம கியர் விழுதாம். அவரு போடற மாதிரியே விழுதாம். காட்டு, பார்க்கணும்."

"பல்சக்கரத்துக்குத் தெரிஞ்சா என்னை அரைச்சுடுவாருக்கா."

பல்சக்கரம் என்பது கியர்பாக்ஸ் பிரிவின் தலைவர். கம்பெனியின் புது வண்டிக்குக் கியர்பாக்ஸை வடிவமைத்தவரே அவர்தான். எதிரில் நின்றால் சார். நகர்ந்துவிட்டால் பல்சக்கரம்.

"அரைக்கட்டும். நகரு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வண்டியின் முன்பாதியை மட்டும் வெட்டி நிறுத்தியிருந்தார்கள். கதவு இல்லை, ஸ்டீயரிங் இல்லை. காலி சீட் ஒன்று, பக்கத்தில் கியர் லிவர். அடியில், விபத்தில் நொறுங்காமல் தப்பிய அதே கியர்பாக்ஸ் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த அதிர்வில் சீட் பெல்ட் ஆடியது, இப்போதுதான் யாரோ கழற்றிவிட்டு இறங்கியது போல.

லிவர் தானாக அசைந்தது.

நடுவுக்கு வந்து நின்றது. இடமும் வலமுமாக லேசாக ரெண்டு தட்டு. அப்புறம்தான் அடுத்த கியருக்குப் போனது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடும்போதும் அவள் கணவர் இப்படித்தான் ரெண்டு தட்டு தட்டுவார். அந்தச் சத்தம் கேட்டால்தான் பெண் தூங்குவாள்.

"அவருதான்..."

"அவர் கைதான்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பல்சக்கரம். எப்போது வந்தாரோ! "அவர் முன்னாடி ஓட்டினதெல்லாம் பதிவாகியிருக்கு. அதை வெச்சு, அடியில இருக்கிற மோட்டாருக்கு அவர் கைப்பழக்கத்தை அப்படியே பழக்கியிருக்கேன்."

அவளுக்கு வந்ததே கோபம்!

"ஏன், உயிரோட இருந்தப்ப வாங்கின வேலை பத்தலையா? இறக்கத்துல பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன்னு நியூட்ரல்ல விட்டான், வண்டி ஓடிப்போய் விழுந்துச்சுன்னு கதை கட்டிட்டீங்க. 'உங்கப்பா தானா போய் விழுந்தவருதானே'ன்னு ஸ்கூல்ல கேக்கறாங்கன்னு என் பொண்ணு சாப்பிடாம படுக்குறா. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு? நீங்க பெத்த கியர்பாக்ஸ் மேல ஒரு கீறல் விழக்கூடாது, அவ்வளவுதானே?"

மெக்கானிக் தரையைப் பார்த்தார். கம்பெனியில் எல்லாரும் பேசிக்கொண்டது அதைத்தான். ஆனால் யாரும் இப்படி மூஞ்சிக்கு நேரே கேட்டதில்லை.

பல்சக்கரம் அசரவில்லை.

"திட்டி முடிச்சாச்சாம்மா? அன்னைக்கு அவர் போன அதே இறக்கத்தை இப்ப மெஷின்ல ஓட்டப் போறேன். கொஞ்சம் பேசாம பாரு."

"என்னத்தைப் பார்க்க? மறுபடி அவரைச் சாகடிக்கப் போறீங்க, அதைப் பார்க்கவா?"

உள்ளே சத்தம் மாறியது. மலையிறக்கத்தில் வண்டி எஞ்சினைத் தள்ளிக்கொண்டு போகுமே, அந்த முனகல். காதில் கேட்பதற்கு முன்பே பல்லில் கூசியது.

லிவர் நடுவுக்கு வந்தது. ரெண்டு தட்டு. மூன்றாவது கியர்.

"இப்ப லிவரை யாரும் பிடிச்சுக்கல" என்றார் பல்சக்கரம் தாழ்ந்த குரலில். "மோட்டாரும் கையை எடுத்துடுச்சு."

முனகல் நீண்டது. பெல்ட் இன்னும் வேகமாக ஆடியது. மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு அந்தக் காலி சீட்டையே பார்த்தார்கள்.

டக்.

லிவர் துள்ளி நடுவில், நியூட்ரலில் வந்து விழுந்தது. பிடி விட்டுப்போன மெஷின் அலறியது. மெக்கானிக் பாய்ந்து போய் சுவிட்சை அணைத்தார்.

"நான் எதையும் தொடல சார்! சத்தியமா தொடல!"

அவள் கண்ணாடியில் நெற்றி முட்ட நின்றாள்.

"தட்டலையே..." என்றாள். "ரெண்டு தட்டு தட்டாம அவரு எதையும் போட மாட்டாரு, எடுக்க மாட்டாரு. இது அவரு இல்ல சார்."

"ஆமாம்மா. அவர் இல்ல. கியர் தானா கழண்டுக்கிச்சு. அன்னைக்கும் இதுதான் நடந்திருக்கு."

பல்சக்கரம் ஃபோனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

"வாங்க சார், வாங்க!" என்றார் ஜெனரல் மேனேஜர். "ஒருவழியா மெஷினை நிறுத்திட்டீங்களா? டிரைவர் தப்புன்னு எல்லாரும் எப்பவோ ஒத்துக்கிட்டாச்சு. நீங்க ஒருத்தர்தான் மாட்டவே மாட்டேன்னு நிக்கிறீங்க. உங்க பேரைக் காப்பாத்தத்தான் சார் இவ்வளவும் பண்றோம். நீங்களே குறுக்க நின்னா எப்படி?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"ஒரு வண்டிகூட வெளியே போகக்கூடாது" என்றார் பல்சக்கரம். "அந்த மனுஷன் சாவுக்குக் காரணமான ஆளைப் பிடிச்சுட்டேன்."

"யாரு சார் அது?"

பல்சக்கரம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். அதில் தெரிந்த அவர் உருவம், உள்ளேயிருந்த காலி சீட்டின் மேல் சரியாகப் போய் உட்கார்ந்திருந்தது.

"நான்தான்."