வரம்பில் இறங்கிய சங்கம்

"வரம்புல தாராளமா நடங்க சேர். ஒடஞ்சா நான் கட்டிக்கிறன்," என்றார் கச்சிமுகம்மது போடியார். சவளக்கடை வயல்வட்டையில் சொந்தத் தம்பியின் மாட்டைக்கூடத் தன் வயல் பக்கம் அண்டவிடாத நிலக்காரர் அவர். வேனில் வந்து இறங்கியவர்களை இன்று தலையில் தூக்கி வைக்காத குறையாக வரவேற்றார்.

றிப்திக்கு அதில் வியப்பு ஒன்றுமில்லை. கல்முனையில் டியூட்டரி வகுப்பு நடத்தும் அவர்தான் ஊர்ப் பறவை நேயர் சங்கத்தின் தலைவர், பொருளாளரும் அவரே. தன்னைக் கண்டால் நாலு பேர் எழும்பி நிற்கத்தான் வேண்டும் என்று நம்புகிறவர்.

"இந்த ஆக்களுக்கு ஒரு போட்டோ போதும்," என்று பின்னால் வந்த நப்லாவிடம் மெல்லச் சொன்னார். "சங்கத்துட மலர்ல படம் போடுவன் எண்டன். ஆள் உருகிட்டார்." நப்லா பள்ளிக்கூட ஆசிரியை, சங்கத்துக்குப் புதிது.

எல்லோரும் பளபளக்கும் செம்மஞ்சள் நிறச் சட்டை போட்டிருந்தார்கள். அது தலைவரின் தெரிவு. தூரத்திலிருந்து பார்க்கிறவன் றோட்டுப் போட வந்தவர்கள் என்றுதான் நினைப்பான்.

மார்கழி வாடைக்கு வடக்கிலிருந்து வரும் கருவால் மூக்கன் என்ற நீண்ட மூக்குப் பறவைகள் இந்த வட்டையில் கூட்டமாக இறங்குவதாகக் கேள்விப்பட்டு வந்திருந்தார்கள். அந்தக் கூட்டம் நிலத்தில் நிற்கும் படம் ஒன்று றிப்திக்கு வேண்டும். மட்டக்களப்புச் சங்கத்திடம் அப்படி ஒன்று இருப்பது அவருடைய தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

போடியார் தன் கவலையைச் சொல்லத் தொடங்கினார். "மொத வெதப்பு மழைல அழுகிட்டு சேர். இது ரெண்டாவது வெதப்பு. கையில இனி வெதநெல் ஒரு பிடி இல்ல. இதும் மொளைக்காட்டி எனக்கு இந்தப் பெரும்போக வெள்ளாமை இல்ல."

றிப்தி கொட்டாவி விட்டார். நெல்லுக் கதை கேட்கவா அவர் விடியற்காலையில் சுபஹு தொழுத கையோடு வேன் ஏறினார்?

"குருவி எங்க நிக்கி? அதச் செல்லுங்க."

"அந்தா, வடக்கு மூலைல. அப்புடியே வரம்பால போங்க."

போனார்கள். கிட்டப் போய்க் கமராவைக் கண்ணில் வைப்பதற்குள் முழுக் கூட்டமும் எழும்பிப் பறந்தது. யாரோ தும்மியதுதான் காரணம் என்று றிப்தி கண்டுபிடித்து, தும்மாதவர்களையும் சேர்த்து ஏசினார்.

"அங்கால, வாய்க்கால் பக்கம் இறங்கிட்டு சேர்," என்று போடியார் வாடிக்குள், தன் காவல் குடிசையில், இருந்தபடியே கை காட்டினார். வாய்க்கால் பக்கம் போனார்கள். பறவைகள் தெற்கே போயின. தெற்கே போனார்கள்.

ஒருவர் சேற்றில் செருப்பை விட்டார். இன்னொருவர் செருப்போடு தானும் விழுந்தார். படித்த மனிதர்கள் வரிசையாக, கழுத்தில் பைனாகுலர் தொங்க, வயலைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். தலைவர் முன்னால் போனதால் ஏன் என்று கேட்க ஒருவருக்கும் துணிவில்லை.

வாடியைத் தாண்டும்போது நப்லாதான் கடைசியில் வாயைத் திறந்தாள். "சேர், நாம போகப் போகத்தானே எழும்புது. வாடிக்குள்ள ஒளிச்சி, சத்தம் போடாம இருந்தா அதுகள் தானா கிட்ட வரும்."

"நேத்து வந்த நீங்க எனக்குப் படிப்பிக்க வாறீங்களா?" என்றார் றிப்தி.

வாடியிலிருந்து போடியாரும் அவசரமாக எழும்பி வந்தார். "வாடிக்குள்ள இருந்தா ஒண்டும் தெரியா புள்ள. சேர் செல்றதுதான் சரி. நடந்து பாத்தாத்தான் குருவி பாத்த மாதிரி."

"கேட்டீங்களா? வயல்ல கிடக்குற ஆளுக்கு வெளங்குது, உங்களுக்கு வெளங்கல்ல," என்றார் தலைவர். நப்லாவின் முகம் சிவந்தது.

வெயில் ஏறும்வரை நடந்தார்கள். றிப்தியின் கமராவில் மிஞ்சியது நிறைய ஆகாயமும், கொஞ்சம் வால்களும்தான். ஆனாலும் தோற்றுப் போனதை ஒத்துக்கொள்கிற பிறவி இல்லை அவர்.

போடியார் வேன் கதவுவரை வந்தார். "நாளைக்கும் வாங்க சேர். வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒவ்வொரு நாளும் வந்தாலும் எனக்குச் சந்தோசம்தான். வேற சங்கத்து ஆக்கள் கேட்டாங்க, நான் ஏலா எண்டுட்டன்."

"மட்டக்களப்பு ஆக்களா?"

"அவங்கதான் போல."

றிப்தியின் முகம் மலர்ந்தது. "நாளைக்கு இன்னும் பத்துப் பேரக் கூட்டி வாறன்," என்று வாக்குக் கொடுத்து ஏறினார். வேன் நகர்ந்ததும் நப்லாவின் பக்கம் திரும்பி, "மரியாதை தெரிஞ்ச மனிசன்," என்றார்.

போடியார் வாடிக்குத் திரும்பி, காலை நீட்டிச் சாய்ந்தார். ஒரு பறவையும் இல்லாமல் வயல் வெறுமையாகக் கிடந்தது. போன் அடித்தது; வீட்டிலிருந்து மனைவி கைருன்னிஸா.

"வெதநெல்லெல்லாம் குருவி பொறுக்கித் தின்னுது எண்டு ராவெல்லாம் பொலம்பினீங்களே, வெரட்டுறதுக்கு ஆள் கிடச்சா?"

"ஓம், கிடச்சிட்டு. எல்லாம் படிச்ச ஆக்கள்."