முகாமிலிருந்து எழுதிய கடிதம்

“நாலு தடவை தள்ளுபடி பண்ணினவங்க இப்ப எப்படி ஒத்துக்கிட்டாங்க?” புராஸ்டேட் புற்றுநோய்க்கான இயலாமை ஓய்வூதிய உத்தரவை முன்னாள் சிப்பாய் முத்தமிடாத குறையாகப் பார்த்தார்.

“போர்ல காட்டைக் கருக்க, இந்த நோயைக் கொடுக்கிற விஷ மருந்தைத் தெளிச்ச முகாம்ல நீங்க இருந்ததுக்கு அத்தாட்சிதானே கேட்டாங்க? உங்க கடிதத்தைக் கொடுத்தேன். தேதி, முகாம் முத்திரை, மருந்து நெடியில கண் எரிஞ்சது, எல்லாம் அதுல இருந்துச்சு,” என்றாள் மனைவி.

“ஜெயிச்சுட்டோம்டி!” என்று துள்ளியவர் சட்டென்று நின்றார். “அப்ப உன்னை எனக்குத் தெரியவே தெரியாதே. எந்தக் கடிதம்?”

“உங்க பழைய காதலி வீட்டைத் தேடிப்பிடிச்சு வாங்கிட்டு வந்தேன். மகராசி, இத்தனை வருஷமும் பத்திரமா வெச்சிருந்தா!”

அவர் காதுமடல் சிவந்தது. அவள் கடிதத்தையும் மூக்குக்கண்ணாடியையும் நீட்டினாள்.

“மூணாம் பக்கத்தைப் படிச்சு ஆபீசரே வெட்கப்பட்டார். எனக்கும் ஒருதரம் வாசிச்சுக் காட்டுங்களேன்.”