ரத்தம் ஊறிய பிறகு

சாவா நதியின் மூடுபனி விலகி, டயாலிசிஸ் கூடத்து ஜன்னல்களில் இளவெயில் விழுகிறது. கிழவர் அந்துனின் ரத்தம் குழாய் வழியே இயந்திரத்துக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்புகிறது. பக்கத்தில் மகள் ஸ்லாவிட்சா, பிளம் வைத்த ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருக்கிறாள். சிறுநீரகம் கெட்டு, ரத்தம் சுண்டி, அவர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தபோதே புத்தியும் மங்கிவிட்டது. "உங்கம்மா மாந்தா எங்கடி?" என்று தினமும் கேட்பார். "கோழிக்குத் தீனி போடப் போயிருக்காப்பா" என்பாள் அவள். ரத்தம் ஊறுவதற்கு இரண்டு மாதமாக ஊசி போடுகிறார்கள். "ஹீமோகுளோபின் பத்தைத் தொட்டிருச்சு! புது மாப்பிள்ளை கணக்கா இருக்கீங்க, தாத்தா" என்று நர்ஸ் சிரித்துவிட்டு நகர்கிறாள். உண்மைதான், அவர் உதட்டில் லேசாகச் சிவப்பு தெரிகிறது. ஸ்லாவிட்சாவுக்கு நெஞ்சு நிறைகிறது. அவர் அவளுடைய கறுப்பு உடையையே உற்றுப் பார்க்கிறார்.

"அன்னைக்கு மழை பெஞ்சுது, இல்ல? உங்கம்மா குழியில தண்ணி நின்னுச்சு. நான்தான் முதல் பிடி மண்ணு போட்டேன்."

அவள் கையிலிருந்த ரொட்டி மடியில் விழுகிறது.

"எத்தனை மாசமாச்சும்மா?"

"ஏழு மாசம்ப்பா."

இயந்திரம் ஓடி முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. குழாய் செருகிய கையை அசைக்கக் கூடாது. மற்றொரு கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, இன்றுதான் அடக்கம் செய்தவர்போல அவர் அழுகிறார்.