சுகந்தி முடித்த வாக்கியம்

"திக்கறது போகலீங்களா?" என்று கணவரைக் காட்டிக் கேட்டாள் சுகந்தி.

"அது அப்படியேதாங்க இருக்கும். 'நான் திக்குவாயன்'ங்கற நெனப்பைத்தான் மனசுல இருந்து எடுத்துட்டோம்," என்றாள் மருத்துவமனைப் பெண்.

வெளியே வந்ததும் பூபதி நேராக ஓட்டலுக்குள் நுழைந்தார். முப்பது வருடமாக எங்கே போனாலும் மனைவியைப் பேசவிட்டவர், இன்று பரிமாற வந்த இயந்திரத்திடம் தானே வாயைத் திறந்தார்.

"எ... எனக்கு..."

"ரவாதோசை," என்றாள் சுகந்தி, பழக்கதோஷத்தில்.

"இல்ல. பூ... பூ... பூரி." அவர் கூச்சப்படவே இல்லை, சிரித்தார்.

சுகந்தி தன்னையே கேட்டுக்கொண்டாள்: இத்தனை வருடமும் ரவாதோசை சொன்னது யாருக்காக?

"ஏனுங்க, என்னைப் பொண்ணு பாக்க வந்தன்னிக்கும் 'எனக்கு'ன்னுதான் ஆரம்பிச்சீங்க. 'புடிச்சிருக்குதாமா'ன்னு நானே முடிச்சு வெச்சேன். சபையே சிரிச்சுது. அன்னிக்கு நெசமா என்ன சொல்ல வந்தீங்க?"

"யோ... யோசிக்கக் கொஞ்சம் டை... டைம் வேணும்னு."

பூரி வந்தது. அவள் தொடவில்லை.

"குடுத்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"நா... நா..."

பதில் அவளுடைய நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. சுகந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உப்பியிருந்த பூரிகள் ஒவ்வொன்றாக அமுங்கின. அவர் முடிக்கட்டும் என்று அவள் காத்திருந்தாள்.